ஏறச் சொல்லும், இறங்கச் சொல்லாது: சில யோகப் புத்தகங்கள்

யோகாசனப் புத்தகம் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது சர்வாங்காசனம் இருக்கும் பக்கத்தை. தோளில் நின்றுகொண்டு காலை மேலே தூக்குவது எப்படி என்று எல்லாப் புத்தகமும் எழுதும். அங்கிருந்து எப்படி இறங்குவது என்று எழுதியிருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன். "பிறகு பழைய நிலைக்கு வரவும்" என்று ஒரே மூச்சில் முடித்திருந்தால் அந்தப் புத்தகத்தை வாங்குவதில்லை. பழைய நிலைக்கு எப்படி வருவது என்பதுதானே கேள்வி! கழுத்துக்கு ஆபத்து பெரும்பாலும் இறங்கும்போதுதான் வருகிறது. ஒருவர் காலைத் தொப்பென்று போடுவார், இன்னொருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கக் கழுத்தைத் திருப்புவார், மற்றொருவர் மூச்சை அடக்கிக்கொண்டு முதுகை மொத்தமாகத் தரையில் மோதுவார்.

இவ்வளவு கறாராகப் பேசுவதற்குக் காரணம் என் தொழில். கடலூர் மாவட்டத்தில் அரசுப் பெண்கள் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டிரில்லில் ஒரு கட்டளைக்கு இரண்டு பாகம் உண்டு. என்ன செய்யப் போகிறோம் என்பதை முதல் பாகம் முன்கூட்டியே சொல்லும். இரண்டாவது பாகம் வந்ததும் செய்ய வேண்டும். "வலப்புறம்" என்று இழுத்துச் சொல்லி, ஒரு கணம் விட்டு, "திரும்பு" என்போம். அந்த இடைவெளியில்தான் பிள்ளையின் உடம்பு தயாராகிறது. முதல் பாகத்தை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் கத்தினால் மைதானத்தில் உள்ள அத்தனை பேரும் அத்தனை திசையில் திரும்பி நிற்பார்கள். யோகப் புத்தகத்தையும் இப்படித்தான் படிக்கிறேன். தத்துவம் எனக்குப் பிறகுதான். கட்டளை சரியாக இருக்கிறதா, வரிசை சரியாக இருக்கிறதா, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறதா என்றுதான் முதலில் கண் போகும்.

ஓய்வுக்குப் பிறகு புதுச்சேரியில் லாஸ்பேட்டைப் பக்கம் ஓர் அம்மாவிடம் வாரத்தில் சில நாள் யோகா வகுப்புக்குப் போகிறேன். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். படிப்பதற்குப் புத்தகங்கள் சொல்லுங்கள் என்று கேட்டபோது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "எல்லாவற்றையும் படித்துவிட்டு வாருங்கள் டீச்சர். படித்ததை எல்லாம் செய்துவிட்டு மட்டும் வராதீர்கள்" என்றார். அந்தப் பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். பழைய மாணவிகள் பலர் "எந்தப் புத்தகம் வாங்கலாம் மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்கு இது மேல்.

பட்டியலில் முதலில் இருந்தது பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா'. 1966-இல் லண்டனில் வெளிவந்த புத்தகம். வயலின் மேதை யெஹூதி மெனுஹின் முன்னுரை எழுதியிருக்கிறார். இருநூறு ஆசனங்கள், சுமார் அறுநூறு புகைப்படங்கள். ஆசனப் படங்களில் கடைசியாக 592 என்று எண்ணிட்டது சவாசனம், அசையாமல் மல்லாந்து படுத்திருப்பது. படங்களில் இருப்பவர் ஐயங்காரேதான், நாற்பதுகளில் இருந்த ஐயங்கார். சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று மாறி மாறி விழுந்து கிடந்த பிள்ளை அது என்று யாராவது சொன்னால் அந்தப் படங்களைப் பார்த்தபின் நம்புவது கடினம். மைசூரில் இருந்த தம் அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் போய்த்தான் யோகம் கற்றார்.

இந்தப் புத்தகத்தை எனக்குப் பிடிக்க வைத்தது தலைகீழாக நிற்கும் படங்கள் இல்லை. முதல் ஆசனமான தாடாசனம். அதாவது நேராக நிற்பது. பலர் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறார்கள், சிலர் குதிகாலில் சாய்ந்து நிற்கிறார்கள், சந்தேகமாக இருந்தால் செருப்பின் அடி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள் என்கிறார் ஐயங்கார். படித்த உடனே வாசலுக்குப் போய் என் ரப்பர் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். வலது செருப்பின் வெளி ஓரம் தகடாகத் தேய்ந்து போயிருந்தது. இத்தனை ஆண்டு காலைப் பிரார்த்தனையில் "நேராக நில்" என்று பிள்ளைகளை அதட்டிய எனக்கு, நேராக நிற்பது எப்படி என்பதை ஒரு பக்கத்தில் பிரித்துச் சொன்னது இந்தப் புத்தகம்தான். பாதங்கள் சேர, கால்விரல்கள் தரையில் பரவ, முழங்கால் சில்லு மேலே இழுபட, வயிறு உள்ளே, மார்பு முன்னே என்று கீழிருந்து மேலாகப் போகிறது கட்டளை. அந்த வரிசைக்காகவே நூற்றுக்கு நூறு போடலாம்.

ஆசனங்களுக்கு முன்னால் 'குறிப்புகளும் எச்சரிக்கைகளும்' என்று ஒரு பகுதி இருக்கிறது. படங்களுக்குத் தாவும் அவசரத்தில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வயிறு காலியாக இருக்க வேண்டும், நல்ல வெயிலில் அலைந்துவிட்டு வந்த உடனே செய்யக்கூடாது, பூச்சி இல்லாத இடமாக இருக்கட்டும் என்று வீட்டுப் பெரியவர் சொல்வதுபோல் சின்னச் சின்ன விஷயங்கள். கண்ணாடி முன் பயிற்சி செய்வதானால் அது தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்ந்திருந்தால் நிலையும் சாய்ந்ததாகத் தோன்றும் என்றும் ஒரு குறிப்பு. நம் வீடுகளில் பீரோவின் கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க முன்கால்களுக்கு அட்டை கொடுத்துத் தூக்கி வைத்திருப்போம். அந்தக் கண்ணாடியில் பார்த்துத் திரிகோணாசனம் செய்தால் எந்தக் காலத்திலும் நேராக வராது. இதைக்கூட யோசித்து எழுதியவரை நம்பலாம்.

ஆசனம் ஒவ்வொன்றின் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண்ணும் நட்சத்திரக் குறியும் போட்டிருக்கிறார். எண் கூடக் கூடக் கடினம். 1-இல் தொடங்கி 60 வரை போகிறது. தாடாசனத்துக்கு 1. புதிதாக வாங்குபவர் இந்த எண்ணைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து ஆசைப்படுவதால்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். பின்னிணைப்பில் வாரவாரியாகப் பாடத்திட்டமே இருக்கிறது, மொத்தம் 300 வாரம். கிட்டத்தட்ட ஆறு ஆண்டு. முதல் 30 வாரத்துக்கான பாடத்தை ஒழுங்காக முடித்தவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.

இனி குறைகள். சர்வாங்காசனத்துக்கு என் சோதனையை வைத்தேன். இறங்கும் வழி இருக்கிறது, ஆனால் ஒரே வரி: கைகளை விடுவித்து, தரைக்குச் சரிந்து இறங்கி, மல்லாந்து படுத்து ஓய்வெடு. ஐயங்காருக்கு அது போதும். அறுபது வயதில் ஜமுக்காளம் விரித்துத் தொடங்குபவருக்குப் போதாது. இருக்க வேண்டிய நேரம் ஐந்து நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார். தொடக்கக்காரருக்கு இது அநியாயம். அதே மனிதர் சிரசாசனத்தைச் சுவரோரம் கற்றுக்கொள்பவருக்கு, வெறும் சுவரைவிட இரண்டு சுவர் சேரும் மூலை நல்லது என்று மிகப் பொறுமையாக விளக்குகிறார். அந்தப் பொறுமையில் பாதியை இங்கேயும் காட்டியிருக்கலாம். மற்ற ஆசனங்கள் பலவற்றில், 'இரண்டாம் எண்ணில் சொன்ன நிலைக்குத் திரும்பு' என்று வந்த வழியே திருப்பி அனுப்புகிறார்; அது சரியான டிரில் முறை. இன்ன நோய்க்கு இன்ன ஆசனம் என்று கடைசியில் நீளமாக ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பக்கங்களை நான் படிப்பதில்லை, மாணவிகளையும் படிக்க விடுவதில்லை. நோய்க்கு மருத்துவர் இருக்கிறார்.

இரண்டாவது புத்தகம் பீகார் யோகப் பள்ளி வெளியிட்டது. பீகாரில் முங்கேர் என்ற ஊரில் இருந்த சுவாமி சத்யானந்த சரஸ்வதியின் 'ஆசன பிராணாயாம முத்ரா பந்தா', முதல் பதிப்பு 1969. புகைப்படம் கிடையாது, கோட்டுப் படம்தான். பார்க்க ஏதோ பழைய பாடநூல் போல இருக்கும். முதலில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வாங்கிய புத்தகங்களில் இன்று அதிகம் தேய்ந்திருப்பது இதுதான்.

தொடங்கும் இடத்தைப் பாருங்கள்: கால்விரலை மடக்குவது. பிறகு கணுக்கால், அதன்பின் முழங்கால், இடுப்பு, கைவிரல், மணிக்கட்டு, தோள், கழுத்து. பவனமுக்தாசன வரிசை என்று பெயர். மூன்று பாகமாகப் பிரித்திருக்கிறார்கள்; முதல் பாகம் மூட்டுகளுக்கு, இரண்டாவது வயிற்றுக்கு, மூன்றாவது உடம்பில் இறுகிக் கிடக்கும் சக்தியைத் தளர்த்த என்கிறார்கள். மூன்றாவதன் விளக்கம் எனக்குப் பிடிபடவில்லை, பயிற்சி பிடித்திருக்கிறது. மைதானத்தில் நின்றே தேய்ந்த என் முழங்காலுக்கு இந்த முதல் பாகம் செய்த நல்லதை வேறெதுவும் செய்யவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலை மடக்கி நீட்டுவதில் என்ன யோகம் இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. மூச்சை இழுக்கும்போது நீட்டு, விடும்போது மடக்கு, கவனத்தை மூட்டில் வை என்று மூன்றையும் ஒன்றாகக் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இந்தப் புத்தகத்தின் பெரிய பலம் தலைப்புகள். செய்முறை, மூச்சு, எவ்வளவு நேரம், கவனம் எங்கே, எதற்கு முன் எதற்குப் பின், யார் செய்யக்கூடாது, பயன் என்று பெரும்பாலான ஆசனங்களுக்கு இதே வரிசை. 'யார் செய்யக்கூடாது' என்பதைப் பயனுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மற்றப் புத்தகங்களைப் பார்த்தால்தான் தெரியும். சர்வாங்காசனத்துக்குப் போனால் தைராய்டு வீக்கம், கழுத்தெலும்புத் தேய்மானம், உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண்ணின் ரத்தக் குழாய் பலவீனம் உள்ளவர்களும் மாதவிலக்கு நாளில் இருப்பவர்களும் வேண்டாம் என்று பட்டியல். தொடக்கத்தில் சில விநாடிகள் போதும், மெல்லக் கூட்டலாம் என்கிறது.

இறங்குவதற்கு ஒரு பத்தியே கொடுத்திருக்கிறார்கள். கால்களை நேராக வைத்தபடி, பாதங்கள் தலைக்கு மேலாகப் பின்னால் வரும்வரை சாய்க்க வேண்டும். முதுகைத் தாங்கிய கைகளை எடுத்து உள்ளங்கை கீழாகத் தரையில் வைக்க வேண்டும். முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாகத் தரையில் படிய வேண்டும். பிட்டம் படிந்தபின் கால்கள் செங்குத்தாக நிற்கும். பிறகு முழங்கால் மடியாமல் கால்களை மெதுவாக இறக்க வேண்டும். மூச்சும் இதயத்துடிப்பும் இயல்புக்கு வரும்வரை சவாசனம். இதை ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் செய்யலாம். நானும் என் பக்கத்து வீட்டு அக்காவும் அப்படித்தான் செய்கிறோம். அக்கா படிப்பார், நான் இறங்குவேன். படிக்கிற வேகத்துக்குத்தான் இறங்க முடியும் என்பதால் தொப்பென்று விழ வழியே இல்லை.

இரண்டு புத்தகமும் ஆங்கிலத்தில்தான் வாங்கினேன். வாக்கியங்கள் சின்னவை, பள்ளி இறுதி வரை படித்தவர் அகராதி வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம்.

தமிழில் நல்லது கிடைக்காதா என்று கேட்பீர்கள். பஸ் நிலையத்துக் கடையில் ஒன்று வாங்கினேன். யார் போட்டது, யார் எழுதியது என்பதெல்லாம் வேண்டாம். வலது கையைக் கீழே கொண்டு போகச் சொல்லும் பக்கத்தில் இடது கை கீழே இருக்கும் படம். ஹலாசனத்துக்கு ஆறு வரி, அதன் பயன்களுக்கு ஒன்றரைப் பக்கம். மூச்சுப் பயிற்சிக்கு வந்தால் எல்லா இடத்திலும் 'முடிந்தவரை மூச்சை அடக்கவும்'. முடிந்தவரை என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் கண் பிதுங்கும்வரை அடக்கும். அளவு சொல்லாத கட்டளையை எந்த ஆசிரியையும் கொடுக்க மாட்டாள். இதைப் பழைய பேப்பர்காரரிடம் போட மனம் வரவில்லை, இன்னொருவர் எடுத்துப் படித்துவிடுவார் என்ற பயம். பரணில் கிடக்கிறது.

பெண்களுக்கென்று பட்டியலில் ஒன்று இருந்தது: ஐயங்காரின் மகள் கீதா எழுதிய 'யோகா: எ ஜெம் ஃபார் விமன்'. ஆங்கிலப் பதிப்பு 1983. மாதவிலக்கு, கர்ப்பம், பிரசவத்துக்குப் பின், மாதவிடாய் நிற்கும் காலம் என்று அப்பாவின் பெரிய புத்தகத்தில் போகிற போக்கில் வந்ததை மகள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பள்ளிகளில் எங்களுக்கு இப்படி ஒரு புத்தகம் முன்பே கிடைத்திருந்தால் 'வயிற்று வலி மிஸ்' என்று மரத்தடியில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு உட்கார்ந்தபடியே ஏதாவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இனி மூச்சு. இங்கேதான் புத்தகத்தை நம்பலாமா என்ற கேள்வி உண்மையாகவே எழுகிறது. ஆசனத்தில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் வலி சொல்லிவிடும். மூச்சில் அப்படி உடனே சொல்லாது. வேகவேகமாக மூச்சை விட்டால் தலை கிறுகிறுக்கும். ஆக்சிஜன் நிறையப் போனதால் என்று பலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நடப்பது வேறு. ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கிவிடுகிறது, அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது. வயிற்றைச் சுண்டி மூச்சை வெடுக்கென்று வெளியே தள்ளும் கபாலபாதியை ஒரு மூச்சுக்கு ஒரு விசில் என்று அடித்து நூற்றுக்கணக்கில் செய்ய வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. முங்கேர் புத்தகம் கபாலபாதியின் பயனைச் சொல்வதற்கு முன்னாலேயே இதய நோய், உயர் ரத்த அழுத்தம், தலைச்சுற்றல், வலிப்பு, குடலிறக்கம், வயிற்றுப் புண் எல்லாவற்றையும் வேண்டாம் பட்டியலில் போட்டுவிடுகிறது.

அம்மாவின் பட்டியலில் பழைய நூல்களும் உண்டு. சுவாத்மாராமரின் 'ஹட யோக பிரதீபிகை' பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். நான்கே அத்தியாயம், அதில் ஆசனம் பதினைந்துதான். இருநூறு ஆசனப் படம் பார்த்துவிட்டு இதற்கு வருபவருக்கு வியப்பாக இருக்கும். இரண்டாவது அத்தியாயம் பெரும்பாலும் மூச்சு. சூரியபேதனம், உஜ்ஜாயி, சீத்காரி, சீதளி, பஸ்திரிகா, பிராமரி, மூர்ச்சா, பிலாவினி என்று எட்டு கும்பகங்கள், அதாவது மூச்சை அடக்கும் முறைகள். காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு என நான்கு வேளை, வேளைக்கு எண்பது வரை மெல்ல உயர்த்து என்கிறது. இதைப் படித்துவிட்டு, பால் வாங்கி, சமையல் முடித்து, பேரனைப் பள்ளிக்கு அனுப்பும் பெண் என்ன செய்வாள்? நூல் அவளுக்காக எழுதப்பட்டதே இல்லை. சன்னல் இல்லாத சின்னக் குடிலில், குரு பக்கத்தில் இருக்க, வேறு வேலை இல்லாமல் வாழ்பவனுக்கு எழுதியது. அந்தக் குடில் எப்படி இருக்க வேண்டும் என்றுகூட முதல் அத்தியாயத்தில் விவரம் இருக்கிறது. ஆனாலும் ஓர் இடத்துக்காக இதைப் படிக்கத்தான் வேண்டும். சிங்கம், யானை, புலியை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறார்களோ அப்படித்தான் மூச்சையும் பழக்க வேண்டும், தவறினால் பயிற்சி செய்பவனையே கொன்றுவிடும் என்கிறார் சுவாத்மாராமர். நான் பரணில் போட்ட புத்தகத்தில் இதற்கு ஒரு வரி இடம் இல்லை.

'திருமந்திரம்' வீட்டிலேயே இருந்தது. மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம் தொடங்கி யோகத்தின் எட்டு உறுப்பும் வருகின்றன. மூச்சுக்குக் கணக்கும் கொடுக்கிறார் திருமூலர்: இடப்பக்கம் இழுப்பது பதினாறு, உள்ளே நிறுத்துவது அறுபத்து நான்கு, விடுவது முப்பத்திரண்டு. இழுப்பது ஒன்று என்றால் நிறுத்துவது நான்கு, விடுவது இரண்டு என்ற விகிதம். அதே விகிதம் முங்கேர் புத்தகத்தில், மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தியின் மேல்படிகளில் வருகிறது. அங்கே அதை எட்டுவதற்கு முன்னால் அடக்குதலே இல்லாமல் பல படிகள் ஏற வேண்டும். பாட்டில் படிகள் இல்லை, உச்சி மட்டும் இருக்கிறது. காற்றைப் பிடிக்கும் கணக்கு அறிந்தவர் இல்லையே என்று திருமூலரே சலித்துக்கொள்கிறார். மாலை விளக்கேற்றிய பின் உரக்கப் படிப்பதற்கு இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது. அறுபத்து நான்கை எண்ணிப் பார்க்க மட்டும் வேண்டாம்.

பதஞ்சலியைச் சொல்லாமல் விட்டால் திருப்பாதிரிப்புலியூர்க்காரிக்கு அழகில்லை. எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் புலி, புலிக்கால் முனிவர். தில்லையில் அவரோடு சேர்த்து வணங்கப்படுபவர் பதஞ்சலி. யோக சூத்திரம் எழுதியவரும் அவரே என்பது பக்தர்கள் நம்பிக்கை. 196 சூத்திரங்களில் (195 என்றும் எண்ணுவார்கள்) ஆசனத்துக்கு மூன்றே மூன்று: அசையாமல், சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் சாரம். இறங்கும் வழியைத் தேடிப் போனால் அங்கே ஏறும் வழியே எழுதவில்லை. அது வேறு வகைப் புத்தகம், வேறு தேவைக்கு.

ஐயங்காரின் 'லைட் ஆன் பிராணாயாமா' 1981-இல் வந்தது. முன்னதைவிட அடக்கமான புத்தகம், எனக்கு முன்னதைவிட அதிக மதிப்பு இதன்மேல். உஜ்ஜாயியின் முதல் படியில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. மல்லாந்து படுத்து மூச்சு எப்படிப் போய்வருகிறது என்று கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்து செய்வது பிறகு, உள்ளே நிறுத்துவது அதற்கும் பிறகு, வெளியே நிறுத்துவது இன்னும் பிறகு. பிராணாயாமம் செய்த கையோடு ஆசனத்தில் இறங்காதே என்பது அவர் முதல் புத்தகத்திலேயே சொன்ன எச்சரிக்கை. இடையில் ஒரு மணி நேரம் விடச் சொல்கிறார்.

லாஸ்பேட்டையில் இருந்துகொண்டு சுவாமி கீதானந்தரைப் பேசாமல் இருக்க முடியாது. மருத்துவம் படித்தவர், 1968-இல் இங்கே ஆனந்தா ஆசிரமத்தை நிறுவினார். தபாலில் யோகம் சொல்லிக் கொடுத்தவர். வாரம் ஒன்றாக 52 பாடங்கள். எழுத்து வழியாகவே யோகம் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு ஐயங்கார் கொடுத்த விடை ஒரே கட்டாக 300 வாரம் என்றால், இவர் கொடுத்தது வாரத்துக்கு ஒரு தவணை. இரண்டாவது எனக்கு நியாயமாகப் படுகிறது. கையில் இந்த வாரப் பாடம் மட்டும் இருந்தால், ஐம்பதாவது வாரத்துக்குத் தாவ ஆசை வராது.

அவர் முறையில் மூச்சைப் பகுதி பகுதியாகப் பழக்குகிறார்கள். விபாகப் பிராணாயாமம் என்று பெயர். வஜ்ராசனத்தில் உட்கார்ந்து, முதலில் நுரையீரலின் கீழ்ப்பகுதிக்கு, பிறகு நடுப்பகுதிக்கு, பிறகு மேல்பகுதிக்கு என்று தனித்தனியாக மூச்சை அனுப்ப வேண்டும். பழகிய பிறகு மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சு. அந்தந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தால் போகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அடக்குதல் இல்லை, வேகம் இல்லை, தவறினாலும் கெடுதல் இல்லை. புத்தகம் பார்த்து வீட்டில் தனியாகச் செய்யக்கூடிய மூச்சுப் பயிற்சி ஒன்று சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். காரணமும் எளிது. சாதாரணமாக நாம் இழுக்கும் மூச்சு அரை லிட்டர் அளவு. அதில் சுமார் 150 மில்லி நுரையீரலின் காற்றறைகளை எட்டாமல் குழாயிலேயே நின்று திரும்பிவிடுகிறது. மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு விடுபவர் அந்த 150-ஐத்தான் திரும்பத் திரும்ப வீணாக்குகிறார். மெதுவாக ஆழமாக இழுப்பவருக்கு அதே நிமிடத்தில் பயன்படும் காற்று அதிகம். உடற்கல்விப் படிப்பில் இதை மனப்பாடம் செய்து எழுதினேன். விலாவில் கையை வைத்து உணர்ந்தது ஓய்வுக்குப் பிறகு, லாஸ்பேட்டையில்.

இலவசமாகக் கிடைக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 21 யோகா தினம் 2015-இல் தொடங்கியபோது ஆயுஷ் அமைச்சகம் ஒரு பொதுப் பயிற்சிக் கையேடு போட்டது. இப்போதைய பதிப்பில் சுமார் முக்கால் மணி நேரப் பயிற்சி. கழுத்து, இடுப்பு, முழங்கால் தளர்வில் தொடங்கி, நின்று, உட்கார்ந்து, குப்புற, மல்லாந்து என்று வரிசையாகப் போய், கபாலபாதி, நாடி சுத்தி, சீதளி, பிராமரி தாண்டித் தியானத்துக்கு வந்து முடிகிறது. சிரசாசனமும் இல்லை, சர்வாங்காசனமும் இல்லை. சுவையற்ற நடைதான். ஆனால் எழுதியவர், வெயிலில் வரிசையில் நிற்கும் ஆயிரம் பேரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். யார் கழுத்துக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் மாணவிகளுக்கு முதலில் இதைத்தான் அனுப்புகிறேன்.

வாங்கும் இடம் பற்றி. புதுச்சேரி என்றால் யோகம், யோகம் என்றால் அரவிந்தர் ஆசிரமம் என்று நினைத்து ஆசிரமத்தின் புத்தகக் கடையில் ஆசனப் படம் தேடுபவர்கள் தவறான அலமாரியில் தேடுகிறார்கள். பரோடாவில் இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பிராணாயாமம் செய்தவர்தான் அரவிந்தர். ஆனால் 1914 முதல் 'ஆர்யா' இதழில் தொடராக எழுதிய யோக நூலில், ஹட யோகம் பெரிய பலன் தரும், அதற்குக் கேட்கும் நேரமும் உழைப்பும் மிக அதிகம் என்று மதிப்பிட்டு, தம் வழியை வேறாக வைத்துக்கொண்டார். அந்த மதிப்பீட்டைப் படிக்க வேண்டுமானால் அந்தக் கடைக்குப் போங்கள். முங்கேர் புத்தகத்தையும் ஐயங்காரையும் நான் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் வாங்கினேன். கையில் எடுத்துப் புரட்டாமல் இந்த வகைப் புத்தகத்தை வாங்கக்கூடாது. தபாலில் வரவழைத்த ஒன்றில் நடுவில் ஒரு கட்டுப் பக்கமே இல்லை. காணாமல் போனது, மூச்சை அடக்கும்போது தசைகளை இறுக்கிப் பூட்டும் பந்தங்கள் பற்றிய பகுதி.

முழங்கால், இடுப்பு பிடித்துக்கொண்டவர்களும் ஐம்பது தாண்டியவர்களும் முங்கேர் புத்தகம் ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். ஏற்கெனவே ஓர் ஆசிரியரிடம் போய்க்கொண்டிருப்பவர், இளையவர், உடம்பு வளையக்கூடியவர் 'லைட் ஆன் யோகா' வாங்கலாம். எண்ணைப் பார்த்துச் செய்யட்டும். மூச்சை உள்ளே நிறுத்தும் எதையும் எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் தனியாகத் தொடங்க வேண்டாம்; ஐயங்காரைப் பார்த்தும் வேண்டாம், திருமூலரைப் பார்த்தும் வேண்டாம். கீதாவின் புத்தகம் பெண்கள் பள்ளி நூலகம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியைகள் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. இவை எல்லாமே தடித்த புத்தகங்கள், தரையில் விரித்து வைத்தால் தாமாக மூடிக்கொள்ளும். கடலூர்க் காற்றின் ஈரத்துக்கு முதுகுப் பசையும் ஓராண்டில் விட்டுவிடும். துணி மாட்டும் கிளிப் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. முங்கேர் புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, முதுகை வெட்டி, ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள். பக்கம் தட்டையாகக் கிடக்கும், படுத்தபடியே ஓரக்கண்ணால் படிக்கலாம். நல்ல புத்தகத்தை வெட்டச் சொல்கிறீர்களே என்று கடைக்காரர் முகம் சுளிப்பார். வெட்டச் சொல்லுங்கள்.